‘பாரடாக்ஸிகல்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருளும் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆங்கிலத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டு மருத்துவமனைகளில் பணிபுரியும் நோக்கத்துடன் ஐஈஎல்டிஎஸ், ஓஈடி தேர்வுகளுக்குப் பயிலும் செவிலியர்கள், வங்கித் தேர்வுகளுக்குத் தயாராகும் பட்டதாரிகள், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் எனப் பலரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ‘பாரடாக்ஸிகல்’ என்ற சொல்லை எதிர்கொள்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் ‘முரண்பாடான’ என்ற பொருள் கிடைக்கிறது. அதே அகராதியில் ‘கான்ட்ரடிக்டரி’ என்ற சொல்லுக்கும் ‘முரண்பாடான’ என்றே இருக்கிறது. ‘இன்கன்ஸிஸ்டன்ட்’ என்பதற்கும் ஏறத்தாழ அதுவே இருக்கிறது. இதனால் மூன்று சொற்களும் ஒன்றே என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் இந்த எண்ணம் செய்யும் சேதம் சிறிதன்று. ஒருவரைப் பாராட்ட நினைத்து அவர் பொய்யர் என்று பொருள்படும்படி எழுதிவிடுவதும், பொய்யைச் சுட்டிக்காட்ட நினைத்து அதற்கு ஆழமான உண்மை என்ற மதிப்பைத் தந்துவிடுவதும் இதனால்தான் நேர்கின்றன.

இச்சொல்லைப் பற்றி நினைவில் நிறுத்த வேண்டிய அடிப்படைச் செய்தி ஒன்றே. ஒன்றை ‘பாரடாக்ஸிகல்’ என்று அழைப்பவர், அதில் மோதுவதுபோல் தெரியும் இரண்டு பக்கங்களும் உண்மை என்று வாசகருக்கு உறுதி தருகிறார். முரண் தோற்றத்தில் இருக்கிறது. மெய்ம்மை உள்ளே இருக்கிறது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த உறுதியை எப்படித் தருவது, எப்போது தரக்கூடாது என்பதைப் பற்றியவை.

முதற்படி: எழுத்தும் ஒலிப்பும்

இதன் எழுத்துகள் பி, ஏ, ஆர், ஏ, டி, ஓ, எக்ஸ், ஐ, சி, ஏ, எல் என்பவை. பெயர்ச்சொல் ‘பாரடாக்ஸ்’, வினையடை ‘பாரடாக்ஸிகலி’. வினையடையை எழுதும்போது பெயரடையுடன் எல், ஒய் ஆகிய இரண்டு எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். எனவே எல் இருமுறை வரும். பலர் ஒரு எல் மட்டும் எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள்.

ஒலிப்பில் கவனிக்க வேண்டியது அழுத்தம் விழும் இடம். பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையான ‘பா’ மீது விழுகிறது. பெயரடையிலும் வினையடையிலும் அது மூன்றாம் அசையான ‘டாக்’ மீது நகர்ந்துவிடுகிறது. தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் எல்லா அசைகளையும் சமமாக ஒலிக்கும் பழக்கமுடையவர்கள். ஓஈடி தேர்வின் பேச்சுப் பகுதியில் தேர்வாளருக்குச் சொல் தெளிவாகப் புரிய வேண்டுமானால் ‘டாக்’ என்னும் அசையைச் சற்று உயர்த்தி, நீட்டி ஒலிக்கப் பழக வேண்டும்.

இரண்டாம் படி: வேரிலிருந்து பொருளை அறிதல்

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘பாரா’ என்பது அப்பால், மாறாக என்னும் பொருளையும், ‘டாக்ஸா’ என்பது கருத்து, பொது நம்பிக்கை என்னும் பொருளையும் தருகின்றன. பொது நம்பிக்கைக்கு மாறானது என்பதே பாரடாக்ஸின் முதற்பொருள். 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் இப்பொருளில்தான் வழங்கியது. ‘டாக்ஸா’ என்ற இதே வேர் ‘ஆர்த்தடாக்ஸ்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. அங்கே ‘ஆர்த்தோ’ என்பது நேரான, சரியான என்று பொருள்படும். திருவிதாங்கோடு அரப்பள்ளி மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தது என்பதால் நம் மாவட்டத்தில் அச்சொல் பலருக்கும் காதுக்குப் பழகியது. சரியான கருத்தில் நிற்பது ஆர்த்தடாக்ஸ் என்றும், ஊரார் கருத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது பாரடாக்ஸ் என்றும் சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது.

இந்த வேர்ப்பொருளில் ஒரு முக்கியமான செய்தி அடங்கியிருக்கிறது. பாரடாக்ஸில் மோதல் நிகழ்வது இரண்டு உண்மைகளுக்கு நடுவில் அன்று. உண்மைக்கும் நம் எதிர்பார்ப்புக்கும் நடுவில். நம் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொண்டவுடன் மோதல் கரைந்துவிடுகிறது.

மீன்பிடித் தடைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. இரண்டும் தனித்தனியே 61 நாள்கள். நம் மாவட்டம் இரு கடற்கரைகளையும் தொட்டு நிற்பதால், சின்னமுட்டத்தில் ஒரு தடைக்காலமும், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய இடங்களில் வேறொரு தடைக்காலமும் நடைமுறையில் உள்ளன. மீன் வேண்டும் என்பவர் மீன் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்பது முதலில் கேட்பவருக்கு ஒட்டாத பேச்சாகத் தோன்றும். ஆனால் மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் வலையை விலக்கிவைப்பது பின்னர் வரும் மாதங்களின் மீன்பாட்டைக் காக்கும் என்பது தெரிந்தவுடன் இரு கூற்றுகளும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. இதை ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதலாம்: “இட் மே சீம் பாரடாக்ஸிகல், பட் ஸ்டாப்பிங் தி போட்ஸ் ஃபார் டூ மன்த்ஸ் ஹெல்ப்ஸ் தி ஃபிஷர்மென் கேட்ச் மோர் லேட்டர்.”

இந்த எடுத்துக்காட்டிலிருந்து மூன்று கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கிக்கொள்ளலாம். சொல்லப்படும் இரண்டு செய்திகளும் உண்மையா? அவை சேர்ந்து இருக்க முடியாதவைபோல் முதற்பார்வையில் தோன்றுகின்றனவா? அத்தோற்றத்தை நீக்கும் விளக்கம் ஒன்று இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடும் என்று நம்ப இடமிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் ‘பாரடாக்ஸிகல்’ பொருந்தும். முதற்கேள்வியிலேயே இல்லை என்று வந்துவிட்டால் வேறு சொல்லைத் தேட வேண்டும். மூன்றாவது கேள்வியில் மட்டும் சிறிது நெகிழ்ச்சிக்கு இடமுண்டு. அறிவியலில் விளக்கம் கிடைப்பதற்கு முன்பே ஒரு நிகழ்வைப் பாரடாக்ஸிகல் என்று பெயரிட்டுவிடுவது வழக்கம்.

மூன்றாம் படி: நம் மொழியில் இதே இயல்பை இனங்காணல்

இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. செய்யுளியலில் தொல்காப்பியர் “மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே” என்று முரண் தொடைக்கு இலக்கணம் சொன்னார். தண்டியலங்காரம் வகுத்த 35 பொருளணிகளில் ‘விரோதம்’ ஒன்று. வழக்கமான காரணம் இல்லாமலேயே ஒரு காரியம் நிகழ்வதாகச் சொல்லும் ‘விபாவனை’ இன்னொன்று. ஆயினும் முரண் தொடை முழுவதும் பாரடாக்ஸ் ஆகாது என்பதை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஓர் அடியில் ‘இருள்’ என்பதும் அடுத்த அடியில் ‘ஒளி’ என்பதும் முதற்சொற்களாக வந்தால் முரண் தொடை அமைந்துவிடும், அங்கே எதிர்ச்சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன, அவ்வளவுதான். பாரடாக்ஸுக்கு அது போதாது. எதிரெதிரானவை ஒரே பொருளில் ஒரே வேளையில் மெய்யாக வேண்டும்.

அப்படி மெய்யாவதற்குக் குமரிமுனைக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரே சிறந்த சான்றைத் தருகிறார்.

“நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்
தீயாண்டுப் பெற்றாள் இவள்”

என்பது 1104ஆம் குறள். விலகினால் சுடுகிறது, அருகே சென்றால் குளிர்கிறது. இப்படிப்பட்ட தீயை இவள் எங்கே பெற்றாள் என்று தலைவன் வியக்கிறான். நாம் அறிந்த தீ நெருங்கினால் சுடும், விலகினால் சுடாது. குறளில் வரும் தீ நேர் எதிராக நடக்கிறது. ஆனாலும் கூற்று பொய்யன்று; பிரிவின் வெம்மையையும் கூடலின் தண்மையையும் அறிந்தவருக்கு இரு பகுதிகளும் உண்மையே. மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் இக்குறளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றே விடை வரும். ஆங்கில இலக்கிய வகுப்பில் இதனை விளக்க நேரும் மாணவர் ‘எ பாரடாக்ஸிகல் இமேஜ்’ என்ற தொடரைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இலக்கியத் திறனாய்வில் இப்பெயரடையின் மிகச் சிறந்த பயன்பாடு இதுவே என்பது என் கருத்து. ஒரு கவிஞர் தெரிந்தே எதிர்ப்பொருள்களை ஒரே இடத்தில் வைத்து ஓர் உண்மையைக் காட்டும்போது, அதனைக் குறிக்க ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பழமொழியில் சான்று வேண்டுவோர் “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்பதை எடுத்துக்கொள்ளலாம். அடிப்பதும் அணைப்பதும் எதிர்ச்செயல்கள், இரண்டையும் ஒரே கை செய்கிறது, இரண்டும் மெய்.

நான்காம் படி: அண்டைச் சொற்களிலிருந்து பிரித்தறிதல்

தவறுகளில் பெரும்பாலானவை இப்படியில்தான் பிறக்கின்றன என்பதால் இதனை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் ‘கான்ட்ரடிக்டரி’. இலத்தீனில் ‘கான்ட்ரா’ என்பது எதிராக, ‘டிசெரே’ என்பது சொல்லுதல். எதிர்த்துச் சொல்லுதல் என்பதே அடிப்படைப் பொருள். தர்க்கவியலில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இதற்குக் கறாரான வரையறை உண்டு: இரண்டு கூற்றுகளில் ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாகியே தீர வேண்டும், ஒன்று பொய்யானால் மற்றது உண்மையாகியே தீர வேண்டும் என்றிருந்தால் அவை கான்ட்ரடிக்டரி. “எல்லா வள்ளங்களும் கரைக்கு வந்துவிட்டன” என்பதும் “சில வள்ளங்கள் கரைக்கு வரவில்லை” என்பதும் இத்தகையவை. “எல்லா வள்ளங்களும் வந்துவிட்டன”, “ஒரு வள்ளமும் வரவில்லை” என்னும் இணையோ வேறு வகை. இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது என்றாலும், பாதி வள்ளங்கள் மட்டும் வந்திருந்தால் இரண்டும் சேர்ந்து பொய்யாகலாம். இதனைத் தர்க்கவியலார் ‘கான்ட்ரரி’ என்பர். அன்றாட ஆங்கிலத்தில் இவ்விரண்டும் கலந்து வழங்கினாலும், தர்க்கம் கேட்கும் தேர்வுகளில் இவ்வேறுபாடு வினாவாகவே வரும். இரண்டிலும் பொதுவாக உள்ளது, ஒரு பக்கமாவது பொய் என்பது. பாரடாக்ஸிகலில் இரு பக்கமும் மெய். இந்த ஒரு கோட்டைக் கடந்துவிடாமல் இருந்தால் பாதிப் பிழைகள் தாமாகவே நீங்கும்.

ஒரு விபத்து வழக்கில் சாட்சி ஒருவர் பேருந்து இடப்பக்கமாக வந்தது என்று காலையிலும், வலப்பக்கமாக வந்தது என்று மாலையிலும் சொன்னால் அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார். அதற்கு ‘கான்ட்ரடிக்டரி ஸ்டேட்மென்ட்ஸ்’ என்பதே தொடர். ‘பாரடாக்ஸிகல் ஸ்டேட்மென்ட்ஸ்’ என்று எழுதினால், சாட்சி ஏதோ ஆழ்ந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று பொருளாகிவிடும். ‘இன்கன்ஸிஸ்டன்ட்’ என்பது இதைவிட மென்மையானது. இன்று ஒரு மாதிரியும் நாளை வேறு மாதிரியும் இருப்பது, ஒரே சீராக இல்லாமை. ஒரு மாணவரின் மதிப்பெண் ஏறி இறங்குவதை இன்கன்ஸிஸ்டன்ட் எனலாம், கான்ட்ரடிக்டரி எனலாகாது.

அடுத்தது ‘அய்ரானிக்’. நடந்தது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்து, அந்த அமைப்பே கூர்மையாகக் குத்தும்போது இச்சொல் பொருந்தும். 1741இல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. அப்போது சிறைப்பட்ட தளபதி டிலனாய் பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து அதன் தலைவர்களில் ஒருவரானார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. எந்தப் படையை வெல்ல வந்தாரோ அந்தப் படையையே வளர்த்தார் என்பது விதியின் திருப்பம். இதில் ஒன்றோடொன்று சேர்ந்து இருக்க முடியாததுபோல் தோன்றும் கருத்து எதுவும் இல்லை. காலப்போக்கில் நிலைமை மாறியது, அவ்வளவே. ஆகவே “இட் இஸ் அய்ரானிக் தட் டிலனாய் ட்ரெயின்ட் தி ஆர்மி தட் ஹேட் டிஃபீட்டட் ஹிம்” என்பது பொருத்தம். இங்கே பாரடாக்ஸிகல் என்று எழுதுவோர் இருக்கிறார்கள். நான் எழுத மாட்டேன்.

சொல்லும் செயலும் வேறுபடுவதற்கு நம்மிடம் “படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்” என்ற பழமொழி உண்டு. அதற்குரிய ஆங்கிலப் பெயரடை ‘ஹிப்பக்ரிட்டிகல்’. அதில் குற்றச்சாட்டு இருக்கிறது; பாரடாக்ஸிகலில் குற்றச்சாட்டு இல்லை. சூழலுக்கு ஒட்டாமல் உறுத்துவது ‘இன்காங்ருவஸ்’. பழைய ஓட்டுவீட்டுத் தெருவின் நடுவே கண்ணாடிக் கட்டடம் நிற்பது அத்தகையது. எதிர்ச்சொற்கள் இரண்டை ஒட்டவைத்த குறுந்தொடர் ‘ஆக்ஸிமோரான்’. அது சொல்லளவில் நிற்கிறது, பாரடாக்ஸ் கூற்றளவில் நிற்கிறது.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைக்கும் முறை

பெயரடை என்பதால் இது பெயர்ச்சொல்லுக்கு முன்னும் வரலாம், ‘இஸ்’, ‘சீம்ஸ்’ போன்ற வினைகளுக்குப் பின்னும் வரலாம். பெயருக்கு முன் வரும்போது எஃபெக்ட், ரிசல்ட், ஃபைண்டிங், சிச்சுவேஷன், ஸ்டேட்மென்ட், நேச்சர் ஆகிய பெயர்களோடு மிகுதியாக இணைகிறது. ‘எ பாரடாக்ஸிகல் ரிசல்ட்’ என்றால் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்து, ஆனால் சரிபார்த்த பின்னும் நிலைத்து நிற்கும் முடிவு.

வினைக்குப் பின் வரும் அமைப்புகளில் மிகவும் பயனுள்ளது “இட் இஸ் பாரடாக்ஸிகல் தட்” என்று தொடங்கி ஒரு முழு வாக்கியத்தைத் தொடர்வதாகும். எழுத்துத் தேர்வுகளுக்கு இதைவிட நயமானது “இட் மே சீம் பாரடாக்ஸிகல், பட்” என்ற அமைப்பு. முதற்பகுதி வாசகரின் ஐயத்தை மதிக்கிறது. ‘பட்’ என்பதற்குப் பின் வரும் பகுதி அந்த ஐயத்தைத் தீர்க்கிறது. கட்டுரையின் இரண்டாம் பத்தியைத் தொடங்க இது மிகவும் ஏற்றது.

வினையடையை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் அதன்பின் காற்புள்ளி இடவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி நனைகிறது. மலைகளுக்கு இடையே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாயும் அதே காற்று அப்பாலுள்ள நிலத்துக்குப் பெருமழை தருவதில்லை, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கடந்துபோகிறது. “பாரடாக்ஸிகலி, தி சேம் விண்ட் தட் ப்ரிங்ஸ் ரெயின் டு குலசேகரம் லீவ்ஸ் தி லேண்ட் பியாண்ட் ஆரல்வாய்மொழி ட்ரை” என்று இதனை எழுதலாம். அடுத்த வாக்கியத்தில் காரணத்தைச் சொல்ல வேண்டும்: மலைமீது ஏறும் காற்று குளிர்ந்து மேற்கிலேயே ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. இவ்விளக்கம் இல்லாமல் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டால் வாசகர் தவிப்பார். பாரடாக்ஸிகல் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அவிழ்த்துக் காட்டும் கடமை எழுதுபவரைச் சேர்ந்துவிடுகிறது.

மனிதரைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பயன்படுத்தலாம். ‘எ பாரடாக்ஸிகல் மேன்’ என்றால் எதிரெதிரான பண்புகள் ஒருங்கே வாய்த்தவர், எளிதில் அளந்தறிய முடியாதவர் என்று பொருள். கூட்டத்தில் கூச்சப்பட்டு ஒதுங்குபவர் மேடையேறினால் அஞ்சாமல் முழங்குகிறார் என்றால் அவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம். ஆனால் நாளுக்கொரு பேச்சு பேசுபவரை இப்படிச் சொன்னால் அவருக்குத் தகாத புகழ் சேர்ந்துவிடும்.

ஆறாம் படி: மருத்துவ ஆங்கிலத்தில்

செவிலியர் படிப்பு படிப்போருக்கு இப்பகுதி கட்டாயம் தேவை. மருத்துவத்தில் இச்சொல் சற்றே குறுகிய பொருளில், எதிர்பார்க்கும் திசைக்கு நேர் எதிரான திசையில் நிகழ்வது என்று வழங்குகிறது.

‘பாரடாக்ஸிகல் ரியாக்ஷன்’ என்பது மருந்து தன் இயல்புக்கு எதிரான விளைவைத் தருவது. டயஸிபாம், மிடசோலம் போன்ற அமைதியூட்டும் மருந்துகள் சிலரிடம், குறிப்பாகக் குழந்தைகளிடமும் முதியோரிடமும், அமைதிக்குப் பதிலாகக் கிளர்ச்சியையும் பதற்றத்தையும் உண்டாக்கக்கூடும். பணிக்குறிப்பில் இதனை ‘சைடு எஃபெக்ட்’ என்று மட்டும் எழுதுவது போதாது. பக்கவிளைவு என்பது மருந்தின் நோக்கத்துக்கு வெளியே நிகழ்வது. இதுவோ நோக்கத்துக்கு நேர் எதிராக நிகழ்வது. அடுத்து வரும் மருத்துவர் அதே மருந்தைக் கூடுதலாகத் தந்துவிடாமல் இருக்க இவ்வேறுபாடு உதவும்.

‘பாரடாக்ஸிகல் ப்ரீத்திங்’ என்பதும் அப்படியே. அடுத்தடுத்த விலா எலும்புகள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தவரிடம், மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் அந்தப் பகுதி வெளியே விரியாமல் உள்ளே அமிழ்கிறது. மூச்சை விடும்போது வெளியே தள்ளுகிறது.

‘பல்ஸஸ் பாரடாக்ஸஸ்’ என்னும் இலத்தீன் தொடர் மாணவர்களைக் குழப்புவதில் முதலிடம் வகிக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது சிஸ்டாலிக் இரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேல் குறைவதை இன்று இப்பெயரால் அழைக்கிறோம். உள்மூச்சில் அழுத்தம் சிறிது குறைவது எல்லோரிடமும் இயல்பு. அது மிகைப்படுவதை மட்டும் ஏன் முரண் என்று அழைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 1873இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் இப்பெயரைத் தந்தபோது அவர் கண்டது வேறு: இதயம் சீராகத் துடித்துக்கொண்டே இருக்கையில், மணிக்கட்டில் நாடி உள்மூச்சின்போது மெலிந்து மறைந்தது. துடிப்பு இருக்கிறது, நாடி இல்லை, இரண்டும் உண்மை. இப்படி அறிந்துகொண்டால் பெயரும் விளங்கும், நோயறிகுறியும் மறக்காது.

தூக்கத்திலும் இச்சொல் உண்டு. கண்கள் விரைந்தசையும் தூக்கநிலையை மிஷேல் ஜூவே என்ற பிரெஞ்சு அறிஞர் 1959இல் ‘பாரடாக்ஸிகல் ஸ்லீப்’ என்று பெயரிட்டார். அந்நிலையில் மூளையின் மின்னலைகள் விழித்திருப்பவரின் அலைகளைப் போலிருக்கின்றன; உடல் தசைகளோ முற்றிலும் தளர்ந்து கிடக்கின்றன.

மருத்துவத்துக்கு வெளியே, பொருளியல் படிப்போர் ‘ஜெவன்ஸ் பாரடாக்ஸ்’ என்பதைச் சந்திப்பார்கள். 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், நீராவி இயந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் வேலை செய்யத் தொடங்கியதால் நிலக்கரியின் மொத்தப் பயன்பாடு குறையவில்லை, கூடியது என்று எடுத்துக்காட்டினார். செலவு குறைந்ததால் இயந்திரங்கள் பெருகின என்பதே விளக்கம்.

ஏழாம் படி: தேர்வறையில்

வாசிப்புப் பகுதியில் ‘பாரடாக்ஸிகலி’ என்ற சொல்லைக் கண்டவுடன் அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களை மெதுவாக வாசியுங்கள். ஆசிரியர் தம் விளக்கத்தை அங்கேதான் வைத்திருப்பார். ‘ஏன்’ என்று தொடங்கும் வினாவுக்கு விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் போன்ற தேர்வுகளின் தர்க்கப் பகுதியில், பொருந்தாததுபோல் தோன்றும் இரண்டு செய்திகளைத் தந்து, அவற்றைப் பொருத்தும் விளக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா வருவதுண்டு. அங்கே இரண்டு செய்திகளில் ஒன்றை மறுக்கும் விடையைத் தொடக்கூடாது. இரண்டையும் நிலைக்கவிட்டுப் பாலம் அமைக்கும் விடையே சரியானது. இரண்டாம் படியில் சொன்ன முதற்கேள்வி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

எழுதும்போது நேரும் பிழைகளில் சிலவற்றைத் தனியே சொல்ல வேண்டும். ‘கான்ட்ரடிக்டரி’, ‘கான்ட்ரரி’ ஆகிய சொற்களின் பின் ‘டு’ வரலாம். அதே பழக்கத்தில் ‘பாரடாக்ஸிகல் டு மை ஒப்பீனியன்’ என்று எழுதுவது தவறு. என் கருத்துக்கு மாறானது என்று சொல்ல ‘கான்ட்ரரி டு மை ஒப்பீனியன்’ என்பதே போதும். ‘சீமிங்லி பாரடாக்ஸிகல்’ என்ற தொடர் நல்ல எழுத்தாளர்களிடமும் காணப்படுகிறது. ஆயினும் தோற்றம் என்னும் கருத்து சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘சீமிங்லி’ பெரும்பாலும் மிகைதான். ‘சீமிங்லி கான்ட்ரடிக்டரி’ என்று எழுதினால் பொருள் சரியாக அமையும். இருவர் ஒரு செய்தியில் மாறுபட்ட கருத்துக் கொண்டிருப்பது பாரடாக்ஸிகல் அன்று. அது வெறும் கருத்து வேறுபாடு. ‘ஆனால்’ என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் ‘பாரடாக்ஸிகலி’ என்று தொடங்குவதும் நல்லதன்று. ஒரு கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் வந்தால் சொல் தன் கூர்மையை இழந்துவிடும்.

பயிற்சி

கீழ்க்கண்ட செய்திகளுக்கு எந்தப் பெயரடை பொருந்தும் என்று முதலில் நீங்களே முடிவு செய்து, பின்னர் விடையோடு ஒப்பிடுங்கள்.

பிப்ரவரி 29இல் பிறந்த ஒருவருக்கு 21 வயது ஆகிறது. ஆனால் பிறந்த நாளுக்குப் பின் அதே தேதி அவருக்கு ஐந்து முறைதான் வந்திருக்கிறது. இது பாரடாக்ஸிகல். வயதை ஆண்டுகளால் எண்ணுகிறோம், தேதி நான்காண்டுக்கு ஒருமுறை வருகிறது என்றவுடன் அவிழ்ந்துவிடுகிறது. அமெரிக்க மெய்யியலாளர் குவைன், முடிவு வியப்பாயினும் உண்மையாக இருக்கும் பாரடாக்ஸ் வகைக்கு இத்தகைய செய்தியையே எடுத்துக்காட்டாகக் கையாண்டார்.

“நான் இப்போது சொல்வது பொய்” என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையானால் அது பொய்யாகிறது, பொய்யானால் உண்மையாகிறது. இதற்கு ‘லயர் பாரடாக்ஸ்’ என்பது மரபுப் பெயர். மெய்யியலாளர்கள் முன்வைத்த தீர்வுகளில் எதுவும் எல்லோருக்கும் உடன்பாடாகவில்லை என்பதால், இது நம் மூன்றாம் கேள்விக்கு எளிதில் அடங்காத அரிய வகை. இக்கூற்றைப் பாரடாக்ஸிகல் என்று அழைப்பது முற்றிலும் சரி. இங்கே இச்சொல் ‘இரு பக்கமும் மெய்’ என்ற வழக்கமான உறுதியைத் தராமல், மெய்யென்றும் பொய்யென்றும் நிலைக்க முடியாத நிலையைக் குறிக்கிறது.

ஒரு கடையின் பலகை காலை ஒன்பது மணிக்குத் திறப்பதாகச் சொல்கிறது. அதே கடையின் இணையப் பக்கம் பத்து மணி என்கிறது. இவை கான்ட்ரடிக்டரி, ஒன்றாவது தவறு.

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. செய்தித்தாள்களில் இதற்குப் பாரடாக்ஸிகல் என்ற சொல் வந்தால் வியப்பதற்கில்லை. ஆயினும் மண் ஓர் அரசின் எல்லைக்குள் இருப்பதும், அதன் மேலுள்ள கட்டடம் வேறோர் அரசின் பொறுப்பில் இருப்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. வழக்கத்துக்கு மாறானது என்று பொருள்படும் ‘அன்யூஷுவல்’ அல்லது ‘அனாமலஸ்’ என்று எழுதுவதே துல்லியம்.

எவ்வளவு கற்றாலும் கல்லாதது மிகுதி என்ற உணர்வு கற்கக் கற்கக் கூடிக்கொண்டே போகிறது. இது பாரடாக்ஸிகல். அறிவின் எல்லை விரியும்போது, அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் அறியாமையும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்பதே விளக்கம். “தி மோர் ஷி லெர்ன்ட், தி லெஸ் ஷி ஃபெல்ட் ஷி நியூ” என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் இவ்விளக்கத்தை உங்கள் சொந்தச் சொற்களில் ஆங்கிலத்தில் தந்து பாருங்கள்.